வெளிச்சுவரோரம் சில்லென்று காற்று: எதை வைத்து அடைப்பது, எங்கே தொடங்குவது?

டொராண்டோ பக்கம் ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் 15, 20 என்று இறங்கும் நாள்களில்தான் ஒரு வீட்டின் உண்மையான நிலை தெரியவரும். தெர்மோஸ்டாட் 21 காட்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓயாமல் ஓடும். ஆனால் வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட சோஃபாவில் உட்கார்ந்தால் கணுக்காலில் குளிர் ஏறிக்கொண்டே இருக்கும். ஸ்கார்பரோவில் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் 1960, 70-களில் கட்டியவை ஏராளம். வெளியே ஒற்றை வரிசைச் செங்கல், அதற்குள் மரச்சட்டம், இடையில் இன்சுலேஷன், உள்பக்கம் டிரைவால் என்ற ஜிப்சம் பலகை. செங்கல் வீடுதானே, காற்று எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. செங்கல் மழையைத் தடுக்க நிற்கிறது. காற்றைத் தடுப்பது அதன் வேலையே இல்லை.

சரி, அடைத்துவிடலாம் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனால் அங்கே ஒரு சுவர் நிறைய டியூப்கள். அக்ரிலிக், சிலிக்கான், இரண்டும் கலந்தது, கருப்பு அகூஸ்டிக் சீலன்ட், மஞ்சள் ஃபோம், நீல ஃபோம், ஒட்டும் பட்டை, பிளாஸ்டிக் படலம். எல்லாவற்றிலும் 'காற்றைத் தடுக்கும்' என்றுதான் எழுதியிருக்கும். எழுதியிருப்பதில் பொய் இல்லை. எந்த இடுக்குக்கு எது என்பதுதான் கேள்வி. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: முதலில் எந்த இடுக்கு?

காலில் குளிர், காரணம் தலைக்கு மேலே

குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட லேசானது. அது மேலே ஏறும். ஆட்டிக் என்ற கூரையடிப் பரணுக்குப் போகும் மூடியின் ஓரம், கூரை விளக்குகளைச் சுற்றிய வெட்டு, பாத்ரூம் கழிவுக்குழாய் கூரைக்குப் போகும் ஓட்டை என்று கிடைத்த வழியில் வெளியேறும். எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு காற்று கீழே எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். பேஸ்மென்ட் சுவரின் உச்சி, சுவரின் அடியில் ஓடும் பேஸ்போர்ட் பலகையின் அடி, பிளக் பாயின்ட், கதவின் அடி என்று அதுவும் கிடைத்த இடத்தில் நுழையும். வெளியே எவ்வளவு குளிரோ, வீடு எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு இந்த இழுப்பு பலமாக இருக்கும்.

ஆக, கீழ்த்தளத்துப் பேஸ்போர்டில் நீங்கள் உணர்வது உள்ளே வரும் காற்று. மேல்மாடிப் படுக்கையறையின் வெளிச்சுவரிலும் அதே அளவு இடுக்கு இருக்கலாம். ஆனால் அங்கே காற்று வெளியே போகிறது, கையை வைத்தால் ஒன்றும் தெரியாது. அதனால் அதை யாரும் அடைப்பதில்லை. உண்மையில் சுவருக்கு அதிகக் கெடுதல் செய்வது அதுதான். வீட்டுக் காற்றில் இருக்கும் ஈரமும் கூடவே போய், சுவருக்குள் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. மேலே அடைக்காமல் கீழே மட்டும் அடைத்தால் இழுப்பு குறையாது. இன்றைக்குப் பேஸ்போர்டில் வந்த காற்று நாளைக்குப் பக்கத்துப் பிளக்கில் வரும். ஒரு சுவரை அடைத்துவிட்டு 'இப்போது அடுத்த சுவரில் வருகிறதே' என்று சலித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

என் வரிசை இது: முதலில் மேலே, அதாவது ஆட்டிக் தரை. அடுத்து அடியில், அதாவது பேஸ்மென்ட் சுவரின் உச்சி. அப்புறம்தான் நடுவில் இருக்கும் அறைச்சுவர்கள். கையில் நேரம் ஒரு சனிக்கிழமைதான், குளிரில் உட்கார முடியவில்லை என்றால் அறையில் தொடங்குவதும் தப்பில்லை. ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று டியூபை மூடி வைத்துவிடாதீர்கள்.

தேடும் வழி

கையை வைத்துப் பார்ப்பது நம்பகமான முறை இல்லை. ஊதுவத்தி போதும், எப்படியும் வீட்டில் இருக்கும். காற்றடிக்கும் குளிர் நாளாகப் பார்த்து ஃபர்னஸை நிறுத்திவிட்டு, சமையலறைப் புகைவிசிறியையும் பாத்ரூம் விசிறியையும் ஓடவிடுங்கள். வெளியே தள்ளப்படும் காற்றுக்கு ஈடாக எல்லா இடுக்கிலும் உள்ளே இழுக்கும். ஊதுவத்தியைத் திரைச்சீலையிலிருந்து விலக்கி, பேஸ்போர்டின் அடி, மேல்விளிம்பு, மூலைகள், ஜன்னல் சட்டம், பிளக் என்று நிதானமாக நகர்த்துங்கள். நேராக ஏறும் புகை ஓர் இடத்தில் அறைப்பக்கம் வளைந்து சிதறினால் அங்கே ஒரு பென்சில் கோடு.

கண்ணுக்கே தெரியும் தடயமும் உண்டு. வெளிச்சுவரை ஒட்டிக் கார்ப்பெட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறதா பாருங்கள். வேக்யூம் போட்டும் போகாது, ஷாம்பூ போட்டும் போகாது. சுத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். வருஷக்கணக்கில் அந்த வழியாகப் போய்வந்த காற்றைக் கார்ப்பெட் நார்கள் வடிகட்டிச் சேர்த்த தூசி அது. பேஸ்மென்டில் பிங்க் நிற ஃபைபர்கிளாஸை இழுத்துப் பார்த்தால் சில இடங்களில் கருத்திருப்பதற்கும் இதே காரணம்.

ஜன்னலருகே ஒரு எச்சரிக்கை. அங்கே படும் குளிர் எல்லாமே கசிவு இல்லை. அறைக்காற்றே குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, கனத்து, கீழே வழிந்து காலில் படும். ஊதுவத்திப் புகை கண்ணாடியை ஒட்டிக் கீழ்நோக்கி மட்டும் இறங்கினால், அதற்கு எந்த சீலன்ட்டும் மருந்தில்லை. படலமோ கனமான திரையோ நல்ல கண்ணாடியோதான் வேண்டும்.

பேஸ்போர்ட்: மூன்று வழிகள்

அறைச்சுவரில் அதிகமாகக் காற்று வருவது பேஸ்போர்டில்தான், அதிகமாக அரைகுறை வேலை நடப்பதும் அங்கேதான். டிரைவால் பலகை தரைவரை வருவதில்லை. அரை அங்குலம்போல மேலே நின்றுவிடும். அதற்குப் பின்னால் சுவரின் அடிக்கட்டை, தரைக்கு அடியில் இருக்கும் சப்ஃப்ளோர் பலகையின்மேல் ஆணியடித்து உட்கார்ந்திருக்கும். அடிக்கட்டைக்கும் சப்ஃப்ளோருக்கும் நடுவிலும், டிரைவாலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவிலும் இடுக்குகள். பேஸ்போர்ட் இவற்றைக் கண்ணிலிருந்து மறைக்கிறதே தவிர அடைப்பதில்லை.

முதல் வழி, பேஸ்போர்ட் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் ஒரு கோடு சீலன்ட் இழுப்பது. அரை மணி நேரத்தில் ஒரு அறை முடியும். ஆனால் காற்று பேஸ்போர்டுக்குப் பின்னால் ஏறி மேல்விளிம்பில் வரும். பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்காது என்பதால் மேல்விளிம்பிலும் தாளைச் செருகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டாவது, மேலும் கீழும் இரண்டு கோடு, அத்துடன் பலகைகள் சேரும் மூலைகளும். இதற்கு பெயின்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட், முடிந்தால் சிலிக்கான் கலந்த வகை. பத்து டாலர் அளவில் ஒரு டியூப், ஒரு சாதாரண அறையின் வெளிச்சுவர்களுக்கு ஒன்றிரண்டு போதும். மேல்விளிம்பு சுலபம், பெயின்டோடு கலந்துவிடும். அடிவிளிம்பில்தான் சங்கடம். மரத்தரை கோடையில் ஈரத்தை வாங்கி விரியும், குளிர்காலத்தில் காய்ந்து சுருங்கும். கோடையில் போட்ட மெல்லிய கோடு பிப்ரவரியில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும். அதனால் இந்த வேலையை இடுக்கு நன்றாகத் திறந்திருக்கும் குளிர்காலத்திலேயே செய்வது நல்லது. கோடை வந்தால் சீலன்ட் கொஞ்சம் நசுங்கும், அவ்வளவுதான், கிழியாது. தரைநிறத்துக்கு ஒத்துப்போகாத வெள்ளைக் கோட்டைவிட நிறமற்ற வகை மேல். தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, கோடு இழுத்து, ஈர விரலால் ஒரே இழுப்பில் தடவி, காய்வதற்குள் டேப்பை உரித்துவிடவேண்டும். டியூபின் மூக்கை 3 மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். பெரிதாக வெட்டிவிட்டுச் சுவரெல்லாம் மெழுகுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லோருக்கும் நடப்பது.

மூன்றாவது, பேஸ்போர்டையே கழற்றி, பின்னால் இருக்கும் உண்மையான இடுக்கை அடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவது. பெயின்ட் ஒட்டியிருக்கும் மேல்கோட்டைக் கத்தியால் முதலில் அறுத்துவிடவேண்டும், இல்லையென்றால் டிரைவாலின் காகிதம் உரிந்து வரும். பட்டி பார்க்கும் தகடு ஒன்றைச் செருகி, அதற்கும் பலகைக்கும் நடுவில் தட்டைக் கடப்பாறையை விட்டு, ஆணிக்கு ஆணி கொஞ்சம் கொஞ்சமாக நெம்பவேண்டும். கழன்ற பலகையின் முதுகில் எந்தச் சுவர், எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். பலகையோடு வந்த ஆணியை முன்பக்கம் அடித்துத் தள்ளினால் முகப்பு பிளந்துவிடும். குறடால் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் அப்படியே உருவி வந்துவிடும். பிறகு அடிக்கட்டைக்கும் சப்ஃப்ளோருக்கும் நடுவில் ஒரு கோடு, டிரைவாலின் கீழ்விளிம்புக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு கோடு. பெரிய பள்ளமாக இருந்தால் குறைவாக உப்பும் ஃபோம், காய்ந்ததும் கத்தியால் சமமாக அறுத்துவிடலாம். மரத்தரையோ லேமினேட்டோ போட்டிருந்தால் தரைப்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் விரிவதற்கென்று விட்ட இடைவெளி தெரியும். அதை ஃபோம் போட்டு நிரப்பவே கூடாது. தரைக்கு நகர இடம் இல்லாமல் போனால் நடுவில் மேடு தட்டும்.

என்னைக் கேட்டால், அறைக்குப் பெயின்ட் அடிக்கவோ தரை மாற்றவோ திட்டம் இருந்தால் மூன்றாவது வழியைத் தவிர வேறொன்றையும் யோசிக்க வேண்டாம். அப்படித் திட்டம் இல்லை, பேஸ்போர்ட் அமுக்கிய மரத்தூளில் செய்தது என்றால் இரண்டாவது. அந்த வகைப் பலகை கழற்றும்போதே முனை உடைந்துபோகும்.

டியூபா, ஃபோமா, கயிறா

பொருளைத் தேர்ந்தெடுக்க மூன்று விஷயம் பார்த்தால் போதும்: இடுக்கு எவ்வளவு அகலம், அது அசையுமா, கண்ணில் படுமா.

கால் அங்குலத்துக்குள் இருந்தால் நேராக சீலன்ட். அதற்கு மேல் என்றால் பேக்கர் ராட் என்ற ஃபோம் கயிற்றை முதலில் திணித்துவிட்டு மேலே சீலன்ட். இடுக்கைவிடச் சற்றுத் தடித்த கயிறாகப் பார்த்து வாங்கவேண்டும். இதை அலட்சியமாக நினைப்பவர்கள் ஆழமான பள்ளத்துக்குள் ஒரு டியூபையே கொட்டுவார்கள். காசு வீணாவது ஒருபக்கம், அப்படிக் கொட்டியது நிலைக்கவும் நிலைக்காது. சீலன்ட் இரண்டு பக்கத்தில் மட்டும் ஒட்டியிருந்தால்தான் இழுத்தால் நீளும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும். கயிற்றில் சீலன்ட் ஒட்டாது என்பதுதான் கயிற்றின் உபயோகமே.

சிலிக்கானை நம் ஊரிலிருந்தே பழக்கம் என்பதால் பலரும் எல்லா இடத்துக்கும் அதையே வாங்குகிறார்கள். பாத்ரூம் ஜன்னலுக்கு, சிங்க்கை ஒட்டிய சுவருக்கு, தண்ணீர் படும் எந்த இடத்துக்கும் அதுதான் சரி. ஆனால் அறைச்சுவருக்கு வேண்டாம். அதன்மேல் பெயின்ட் நிற்காது. பிற்பாடு எடுத்துவிட்டு வேறு போடலாம் என்றால், சுரண்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் மிச்சத்தின்மேல் எதுவும் பிடிக்காது. கருப்பு அகூஸ்டிக் சீலன்ட் வேறு ரகம். அது எந்தக் காலத்திலும் முழுதாக இறுகாது, சுவருக்குள் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டுவதற்கு அதனால்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். மறைவான இடத்தில் அதைவிட நல்லது கிடையாது. வெளியே தெரியும் இடத்தில் போட்டால் குழந்தை தொட்டு, கார்ப்பெட்டில் தேய்த்து, வீடு முழுக்க கருப்பு.

ஃபோமில் முக்கியமான வித்தியாசம் உப்பும் அளவு. ஜன்னல், கதவுக்கு என்று எழுதியது குறைவாக உப்பும். பெரிய இடைவெளிக்கு என்று எழுதியது பல மடங்கு உப்பி, ஜன்னல் சட்டத்தை உள்பக்கம் வளைத்துவிடும். அப்புறம் ஜன்னல் திறக்காது. குழலோடு வரும் சாதாரண டப்பாவைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் குழல் அடைத்துக்கொள்ளும், எனவே எல்லா இடத்தையும் குறித்துவைத்துக்கொண்டு ஒரே மூச்சில் முடிக்கவேண்டும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் அவசியம். கையில் பட்டுக் காய்ந்த ஃபோம் தோலோடு தேய்ந்து போகும்வரை போகாது. ஃபர்னஸ் புகைக்குழாய், சிம்னி பக்கத்தில் ஃபோம் போடவே கூடாது, அது எரியும். அங்கே தகடும் அதிக வெப்பம் தாங்கும் சீலன்ட்டும்தான்.

ஃபைபர்கிளாஸை இடுக்கில் திணிப்பது பற்றி ஒரு வரி: அது வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. கொசுவலை கட்டியிருக்கிறேனே, இன்னும் ஏன் காற்று வருகிறது என்று கேட்பதுபோல்தான்.

பிளக் பாயின்ட்

வெளிச்சுவர் பிளக், சுவிட்சுகளுக்குப் பின்னால் வைக்கும் ஃபோம் அட்டை சில டாலருக்கு ஒரு கட்டு கிடைக்கும். பிரேக்கரை அணைத்து, சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்து, முகப்பு மூடியைக் கழற்றி, அட்டையைப் பொருத்தி, மூடவேண்டும். செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் பார்த்தால் இதற்கு இணை இல்லை. பயன்படுத்தாத துளைகளில் குழந்தைகளுக்காகப் போடும் மூடியைச் செருகினால் அந்த வழியும் அடையும். மூடி கழன்றிருக்கும்போதே பெட்டிக்கும் டிரைவாலுக்கும் நடுவில் இருக்கும் வெட்டை சீலன்ட்டால் மூடிவிடலாம். பெட்டிக்குள் ஃபோம் அடிப்பது மட்டும் வேண்டாம். 1960-களின் நடுவிலிருந்து 70-களின் பிற்பகுதிவரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயர் இருக்க வாய்ப்புண்டு. அப்படியென்றால் மூடியைத் தாண்டி எதையும் தொடாமல் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஜன்னல்

ஜன்னலில் அசையும் பாகம், அசையாத பாகம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். திறந்து மூடும் இடத்துக்கு ஒட்டும் பட்டைதான். அசையாத இடத்தில் இரண்டு வழி. சட்டத்தைச் சுற்றிய அலங்காரப் பலகைக்கும் சுவருக்கும், பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சீலன்ட் இழுப்பது ஒன்று. பலகையைக் கழற்றி, உள்ளே திணித்திருக்கும் பழைய ஃபைபர்கிளாஸை உருவிவிட்டு, குறைவாக உப்பும் ஃபோம் போடுவது இன்னொன்று. பேஸ்போர்டில் சொன்ன அதே கணக்கு இங்கும் பொருந்தும். ஆனால் இங்கே இரண்டாவதின் பலன் இன்னும் அதிகம், ஏனென்றால் ஜன்னலைச் சுற்றிய வெட்டு பெரும்பாலும் அரை அங்குலத்துக்கும் மேல் இருக்கும். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் பனி படர்ந்திருந்தால் அது கண்ணாடி மாற்றவேண்டிய கேஸ், சீலன்ட் கேஸ் இல்லை.

பேஸ்மென்ட் சுவரின் உச்சி

கான்கிரீட் சுவர் முடிந்து மேல்தளத்து மரம் தொடங்கும் இடம் வீட்டைச் சுற்றி முழுவதும் ஓடுகிறது. அந்தச் சந்திப்பு முழுக்கவே ஒரு நீண்ட இடுக்குதான். பெரும்பாலும் அங்கே ஃபைபர்கிளாஸைச் சுருட்டித் திணித்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே விடுவது ஒரு தேர்வு, மோசமான தேர்வு. சூடான காற்று அதை ஊடுருவிப் போய், பின்னால் இருக்கும் குளிர்ந்த மரத்தில் நீராகப் படிந்து, மரம் கருத்துப்போகும்.

கெட்டியான ஃபோம் பலகையை ஒவ்வொரு கட்டத்துக்கும் அளந்து வெட்டி, சுற்றிலும் விரல் அகல இடைவெளி விட்டு வைத்து, அந்த இடைவெளியில் டப்பா ஃபோம் அடிப்பது இரண்டாவது. பொருள் செலவு குறைவு, பொறுமை நிறைய வேண்டும். ஆள் வைத்து ஸ்ப்ரே ஃபோம் அடிப்பது மூன்றாவது. இரண்டு அங்குலத்துக்கு ஆர்-12 அளவு (வெப்பத்தைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண்) கிடைக்கும், காற்றும் நிற்கும், ஒரு நாளில் முடியும். ஆனால் சின்ன வேலைக்கும் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று வாங்குவார்கள். அடிக்கும்போதும் அதன்பின் அவர்கள் சொல்லும் நேரம்வரையும் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. குழாயும் வயரும் டக்ட்டும் நெருக்கமாகப் போகும் பேஸ்மென்ட் என்றால் மூன்றாவது, வெட்டவெளியாகக் கிடந்தால் இரண்டாவது என்பது என் கருத்து. இரண்டிலும் ஃபோமைத் தீப்பிடிக்காத எதையாவது கொண்டு மூடவேண்டுமா என்று நகராட்சியின் கட்டட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மவர் வீடுகளில் பேஸ்மென்டை முடித்து வாடகைக்கு விட்டிருப்பது சகஜம். அங்கே இந்த இடம் பேஸ்மென்டின் உள்கூரைக்கு மேலே மறைந்திருக்கும். இதற்காக மட்டும் அந்த உள்கூரையை உடைக்காதீர்கள். ஃபர்னஸ் அறையில் திறந்திருக்கும் பகுதியை மட்டும் இப்போதைக்கு அடைத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த புதுப்பிப்பின்போது பார்த்துக்கொள்ளலாம்.

அதே ஃபர்னஸ் அறையில் வெளியிலிருந்து வரும் தடித்த குழாய் ஒன்று தரைப்பக்கம் வாயைத் திறந்துகொண்டு குளிர்காற்றை விட்டுக்கொண்டிருக்கும். அதில் துணியைத் திணித்து வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். எரிவாயு எரிவதற்குக் காற்று கொடுக்கும் வழி அது. அதை அடைத்தால் நச்சுப்புகை வீட்டுக்குள் திரும்பும்.

ஆட்டிக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூடியின் ஓரத்தில் ஒட்டும் பட்டை, மூடியின் முதுகில் ஃபோம் பலகை, இறுக்கிப் பிடிக்க ஒரு கொக்கி. ஒரு மணி நேர வேலை. உள்ளே ஏறி ஓட்டைகளை அடைக்கும் முன் அங்கே கொட்டியிருக்கும் இன்சுலேஷன் என்ன என்று பாருங்கள். மைக்கா போல மினுங்கும் சிறு கற்களாக இருந்தால் அது வெர்மிகுலைட். 1990-ல் மூடப்பட்ட, அமெரிக்காவின் மொன்டானாவில் இருந்த லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதைக் கிளறாமல் இறங்கிவந்து, பரிசோதனைக்கு ஆள் கூப்பிடவேண்டும்.

உள்ளேயா, வெளியேயா

வெளியிலிருந்து அடைத்தால் என்ன என்று கேட்பார்கள். வெளியே அடைப்பது மழைக்காக, உள்ளே அடைப்பது காற்றுக்காக. குளிர் நாட்டில் சூடான பக்கத்தில் அடைத்தால்தான் ஈரக்காற்று சுவருக்குள் போகாமல் நிற்கும். உள்ளே திறந்திருக்க, வெளியே மட்டும் இறுக்கி மூடினால் உள்ளே போன ஈரம் காய வழியில்லாமல் தேங்கும். செங்கல் சுவரின் அடிவரிசையில் ஆங்காங்கே கலவை இல்லாமல் விட்ட செங்குத்துத் துளைகள் இருக்கும். கொத்தனார் மறந்துவிட்டார் என்று நினைத்து சிலிக்கான் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். செங்கலுக்குப் பின்னால் இறங்கும் மழைநீர் வடிவதற்காக விட்டவை அவை.

வாடகை வீடு, காண்டோ என்றால் நிரந்தரமான எதையும் தொடாதீர்கள். காண்டோவில் ஜன்னலும் வெளிச்சுவரும் பெரும்பாலும் உங்கள் சொத்தே இல்லை, நிர்வாகத்திடம் எழுதிக் கேட்பதுதான் முறை. அதுவரை, வசந்தம் வந்ததும் நாடாபோல உரித்தெடுக்கக்கூடிய நிறமற்ற சீலன்ட் ஒன்று விற்கிறது. களிமண் கயிறுபோல வரும் வகையும் உண்டு, விரலால் அழுத்தினால் போதும். ஜன்னலுக்கு இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடுகாட்டி இறுக்கும் படலம். படலம் மூன்றில் எனக்குப் பிடித்தது, கசிவு, கண்ணாடிக் குளிர் இரண்டுக்கும் உதவுகிறது. ஒட்டிய ஜன்னலை வசந்தம்வரை திறக்க முடியாது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். படுக்கையறையில் ஆபத்துக்கு வெளியேற வேண்டிய ஒரே ஜன்னல் என்றால் ஒட்டாதீர்கள்.

அடைத்த பிறகு

கசிவு நின்றதும் ஈரம் வீட்டுக்குள்ளேயே தங்கும். நம் சமையல் ஆவிச் சமையல். இட்லி, புட்டு, சோறு, ரசம் என்று அடுப்பு ஓயாது, துணியும் உள்ளேயே காயும். முன்பு இடுக்கு வழியே போன அந்த ஈரம் இப்போது ஜன்னல் கண்ணாடியில் வழியும். வெளியே மைனஸ் 20 என்றால் உள்ளே ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. சமையலறை விசிறி உண்மையிலேயே வெளியே தள்ளுகிறதா, இல்லை வடிகட்டித் திரும்ப முகத்திலேயே விடுகிறதா என்று பாருங்கள். புதிய வீடுகளில் இருக்கும் எச்ஆர்வி கருவியைச் சத்தம் போடுகிறது என்று அணைத்து வைத்திருந்தால் ஓடவிடுங்கள். வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் புதுக்காற்றுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எரிவாயு, விறகு என எதையாவது எரிக்கும் கருவி உள்ள வீடுகளுக்கு ஒன்டாரியோவில் 2014-லிருந்து இது சட்டப்படி கட்டாயம். வீட்டை இறுக்கிய பிறகு பழைய மாதிரி வாட்டர் ஹீட்டரின் புகை, சிம்னியில் ஏறாமல் வீட்டுக்குள் திரும்பும் அபாயம் கூடுகிறது. எல்லா விசிறியையும் ஓடவிட்டு, ஹீட்டர் எரியும்போது அதன் தலையில் இருக்கும் புகைக்கூண்டருகே ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபடவேண்டும். அறைப்பக்கம் வந்தால் உடனே ஹீட்டரை அணைத்து ஆள் கூப்பிடுங்கள்.

நாமே செய்வதா, ஆள் வைப்பதா

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவற்றை நூறு, நூற்றைம்பது டாலருக்குள் நாமே செய்துவிடலாம். ஆனால் எங்கே எவ்வளவு கசிகிறது என்று அளந்து சொல்ல எனர்ஜி அட்வைசர் வேண்டும். வாசல் கதவில் துணியும் சட்டமும் பொருத்தி, அதில் பெரிய விசிறியை வைத்து, உள்ளே வெளியே 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, அந்த நிலையில் மணிக்கு எத்தனை முறை வீட்டுக் காற்று முழுவதும் மாறுகிறது என்று கணக்கிடுவார். ஆற்றல் சிக்கன வீடுகளுக்கான கனடாவின் ஆர்-2000 தரத்துக்கு 1.5 முறைக்கு மேல் போகக் கூடாது. பாசிவ் ஹவுஸ் தரத்துக்கு 0.6. பழைய வீடு இந்த எண்களை எட்டாது, எட்டவும் தேவையில்லை. ஆனால் முன்னும் பின்னும் அளந்தால் செய்த வேலைக்குப் பலன் உண்டா என்று தெரியும். இந்த முறையை இங்கே வளர்த்தவர்களில் ஒருவர் ஹரோல்ட் ஓர் என்ற பொறியாளர். 1977-ல் ரெஜைனா நகரில் அவரும் மற்றவர்களும் கட்டிய ஆய்வு வீட்டில் தடித்த இன்சுலேஷனோடு நிறுத்தாமல் கசிவையும் அடைத்து, வெப்பம் மாற்றும் காற்றோட்டக் கருவியையும் வைத்தார்கள். மேலே சொன்ன எச்ஆர்வியின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

அட்வைசருக்குச் சில நூறு டாலர் ஆகும். ஒரே ஒரு அறையில்தான் தொந்தரவு என்றால் அந்தப் பணத்துக்கு சீலன்ட் வாங்கலாம். வீடு முழுவதும் குளிர், ஆட்டிக் இன்சுலேஷனும் ஜன்னலும் மாற்றும் யோசனை இருக்கிறது என்றால் அவரைத்தான் முதலில் கூப்பிடவேண்டும். அரசு மானியத் திட்டங்கள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு வேலை தொடங்கும் முன்பே அளந்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. எல்லாம் முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது.

அவர் வந்து விசிறியை ஓடவிட்டிருக்கும் நேரத்தில் ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ஒரு மார்க்கரும் மாஸ்கிங் டேப்பும் எடுத்துக்கொண்டு அவர் கூடவே ஒவ்வொரு அறையாகச் சுற்றுங்கள். அந்த அழுத்தத்தில் சுவிட்ச் மூடி, படிக்கட்டின் அடி, சமையலறைக் கேபினெட்டின் உள்பக்கம் என்று நீங்கள் சந்தேகப்படாத இடங்களிலெல்லாம் காற்று கையில் அடிக்கும். அடிக்கும் இடத்தில் டேப்பை ஒட்டி எண் போட்டுவிடுங்கள். விசிறியை நிறுத்திவிட்டால் அந்த இடங்களைத் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம்.